எலும்புக் கட்டியின் பிறப்பிடம்

எலும்பில் கட்டி இருக்கலாம் என்று வைத்தியர் ஐயுற்றால், அதனை அறுத்து அகற்றிவிட்டால் துன்பம் தீர்ந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் எலும்பில் காணும் கட்டி எலும்பிலேயே பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய் உண்டு. நாற்பது வயதைக் கடந்தவர்களிடத்திலோ, வேறோர் உறுப்பில் பிறந்து இரத்தத்தின் வழியே எலும்பில் வந்து குடியேறிய புற்றுநோயும், எலும்பு மஜ்ஜையில் எழும் மைலோமா என்னும் நோயுமே மிகுதி.

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் சுரப்பி, சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்தும் இவ்வாறு எலும்பிற்குப் பரவும் நோயின் முக்கியமான பிறப்பிடங்கள். விதை எங்கும் விழலாம். ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, 1889இல் இவ்வுவமையைக் கொண்டே நோய் பரவும் விதத்தை விளக்கினார். எலும்பு அத்தகைய நிலங்களுள் ஒன்று.

பிறப்பிடத்தைக் கண்டறிவது எங்ஙனம்? முதற் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. புகைப் பழக்கம், உடல் மெலிவு, சிறுநீரில் இரத்தம், முன்னர் அகற்றிய கட்டி ஆகியவற்றை வைத்தியர் வினவுவார். கழுத்தையும் மார்பகத்தையும், ஆண்களாயின் ஆசனவாயின் வழியே புராஸ்டேட்டையும் தொட்டுப் பார்ப்பார். இங்கே நாணம் கருதி மறைப்பது நமக்கே கேடு.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. மைலோமாவுக்குரிய புரதமும், புராஸ்டேட்டைச் சுட்டும் புரதமும் இதில் புலப்படும். சுண்ணாம்புச் சத்து அளவு மீறியிருப்பின் உடனே சிகிச்சை தேவை. பின்னர் நோயுற்ற எலும்பு முழுவதற்கும் மார்புக்கும் எக்ஸ்ரே. மார்பு, வயிறு, இடுப்புக்கூடு ஆகியவற்றுக்கு சி.டி. ஸ்கேன், பிற எலும்புகளையும் நோய் பற்றியுள்ளதா என்றறிய டெக்னீஷியம் ஸ்கேன். 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிறப்பிடம் அறியாத 40 நோயாளிகளை இம்முறையில் வரிசையாகச் சோதித்ததில், 34 பேருக்கு அது தெரியவந்தது.

திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இவற்றிற்குப் பின்னரே வருதல் நன்று. சிறுநீரகத்திலிருந்தும் தைராய்டிலிருந்தும் பரவிய கட்டிகளில் இரத்தப் பெருக்கு மிகும். முன்னறிந்தால் தக்க ஏற்பாடு செய்யலாம். எலும்பிலேயே பிறந்த புற்றுநோயாயின், தவறான இடத்தில் செலுத்திய ஊசியோ கத்தியோ நோயணுக்களைப் பரப்பி, காக்கக்கூடிய காலையும் இழக்கச் செய்யலாம். ஆதலின் பின்னர் அறுவை செய்யவிருக்கும் நிபுணரே பயாப்சிக்கும் இடம் குறிப்பது முறை. நம் நாட்டில் எலும்புக் காசமும் கட்டிபோலத் தோன்றுவதுண்டு. எனவே எடுத்த திசுவைக் காசக் கிருமிக்காகவும் சோதித்தல் வேண்டும்.

பிறப்பிடம் தெரிந்தால் சிகிச்சையே மாறும். புராஸ்டேட் நோய்க்கு ஹார்மோனை அடக்கும் மருந்து. தைராய்டு நோயில் பலவற்றிற்குக் கதிரியக்க அயோடின். மைலோமாவுக்கு அதற்கே உரிய மருந்துகள். ஓய்விலும் இரவிலும் நீங்காத எலும்பு வலியைத் தைலம் பூசி மாதக்கணக்கில் ஒத்திப்போடலாகாது. அறுவைக்கு இசையுமுன், "இது எங்கே பிறந்தது என்று பார்த்தாயிற்றா?" என்று வைத்தியரைக் கேட்பது நம் உரிமை, கடமையும் ஆகும்.