எட்டு நாள் வாரம்!

வாரத்திற்கு எத்தனை நாள்? ஏழு என்று பள்ளிச் சிறுவனும் பளிச்செனச் சொல்வான். பத்தீர் என்னும் பாலஸ்தீனச் சிற்றூரில் கேட்டால், எட்டு என்பார்கள்! பேதைமையன்று; அது அவர்தம் வாழ்க்கைக் கணக்கு.

எருசலேமுக்குத் தென்மேற்கே, பெத்லகேமை அடுத்த மலைச்சரிவில் இருக்கிறது அவ்வூர். கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய சுவர்கள். சுவர்தோறும் ஒரு துண்டு நிலம். அதிலே ஒலிவம், திராட்சை, ஊரின் பெயராலேயே வழங்கும் கத்தரிக்காய். ஊற்றுநீர் பழைய குளத்தில் சேர்கிறது. அளவுகோல் நட்டு நீர்மட்டம் பார்த்து, எட்டுக் குடிகளும் நாளுக்கொரு குடியாக முறைவைத்துப் பாய்ச்சுகின்றன. வாய்க்கால் தகராறு வழக்கு மன்றம் ஏறும் உலகிலே, ஒரு கோலே அங்கு நீதிபதி!

1892இல் யாப்பா - எருசலேம் இருப்புப்பாதை ஊரின் காலடியில் வந்தது. காய்கறிக் கூடைகள் ரயிலேறி எருசலேம் சந்தைக்குச் சென்றன.

1948இல் போர் மூண்டது. அஞ்சிய மக்கள் பெரும்பாலோர் ஊரைவிட்டு அகன்றனர். ஹசன் முஸ்தஃபாவும் ஒருசிலரும் அகலவில்லை. ஆளில்லா வீடுகளில் விளக்கேற்றினர். கொடிகளில் துணி உலர்த்தினர். ஊர் நிறைய ஆளிருப்பதாகத் தோன்றச் செய்தனர். துப்பாக்கியை எதிர்த்து நின்றது துணிக்கொடி!

1949இல் போர்நிறுத்தக் கோடு கிழித்தனர். ரயில் பாதை இஸ்ரேலுக்கு. கோட்டுக்கு அப்பாலுள்ள தம் நிலத்தையும் உழும் உரிமை பத்தீர் மக்களுக்கு. ரயிலுக்கு ஊறு செய்யோம் என்பது அவர்கள் தந்த வாக்கு. 1967இல் ஊரே ஆக்கிரமிப்பின் கீழ் வந்தது.

பின்னர் வந்தது மதில் திட்டம். வரப்பை வெட்டி, வாய்க்காலை மறித்து மதிலா? ஊரார் வழக்காடினர். இஸ்ரேலின் இயற்கை, பூங்கா ஆணையமே அவர்கள் பக்கம் பேசிற்று! 2014இல் யுனெஸ்கோ அந்நிலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அபாயத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் உடனே சேர்த்தது. 2015இல் இஸ்ரேலிய உச்சநீதிமன்றம் மதிலைத் தடுத்தது.

அத்துடன் அல்லல் தீர்ந்ததா? இல்லை! 2024இல் அப்பாரம்பரியப் பரப்பிலேயே நகல் ஹெலெட்ஸ் என்னும் புதுக் குடியேற்றத்திற்குத் திட்டம் வகுத்தது இஸ்ரேல் அரசு.

நாம் கேட்கிறோம்: தண்ணீரைக் கோல்கொண்டு பங்கிட்டு வாழத் தெரிந்தவனுக்கு, தன் மண்ணில் வாழ உரிமையில்லையா? சின்னமென்று பட்டயம் தந்த உலகம், சிதைப்பைக் கண்டு சும்மா இருப்பதா? கல்லைக் காப்பது மட்டும் போதாது. கல்லடுக்கிய கையையும் காக்க வேண்டும். அந்தக் கை ஓய்ந்தால், எட்டாம் நாளும் ஓய்ந்துவிடும்!