வெள்ளைக் காகம் கண்டால் என்ன செய்வோம்?

தோட்டத்தில் எப்போதாவது வெள்ளைக் காகமோ, வெள்ளை மைனாவோ தென்பட்டால் லயமெல்லாம் அதே பேச்சுதான். "கெட்ட சகுனம்" என்பார் ஒருவர். "பிடிச்சு வித்தா காசு" என்பார் இன்னொருவர். இரண்டும் வேண்டாம். அது என்ன பறவை என்று முதலில் அறிந்துகொள்வோம்.

இறகுக்குக் கறுப்பும் தவிட்டு நிறமும் தருவது மெலனின் என்னும் சாயம். பிறவியிலேயே உடம்பில் அது உண்டாகாவிட்டால் பறவை முழு வெள்ளையாகிவிடும். இரத்த ஓட்டம் தெரிவதால் கண் சிவந்திருக்கும். இதுதான் அல்பினோ. இதற்குப் பார்வை மங்கல்; வெயிலில் கண் கூசும். அதனால் அதிக நாள் தப்பிப் பிழைப்பது அபூர்வம்.

நாம் கூடுதலாகக் காண்பது வேறு வகை. உடம்பில் சில இடத்திலோ முழுவதுமோ இறகு வெளுத்திருக்கும், ஆனால் கண் வழக்கமான நிறத்திலேயே இருக்கும். இதுவும் பிறவிக் குணமாக இருக்கலாம். வயதாலும் சத்துக் குறைவாலும்கூட இறகு வெளுப்பதுண்டு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பெரும்பாலும் வேறு சாயம். ஆகவே கொண்டைக்குருவி வெளுத்தாலும் வாலடிச் சிவப்பு மாறாமல் இருக்கக் காணலாம்.

ஆகவே பார்க்க வேண்டியவை:

1. கண், அலகு, கால் என்ன நிறம்?
2. பருமன், நடை, சத்தம் எந்தப் பறவையைப் போல? எந்தக் கூட்டத்தோடு திரிகிறது? நிறம் மாறினாலும் இவை மாறா.
3. அந்த வெள்ளை இயல்பானதா? மைனா பறக்கும்போது சிறகில் தெரியும் வெள்ளையும், குண்டுக்கரிச்சானின் சிறகு வெள்ளையும் எல்லாவற்றுக்கும் உள்ளவை. மாட்டோடு மேயும் உண்ணிக்கொக்கு பிறவி வெள்ளை. நீண்ட வால் உள்ள வெள்ளைக் குருவியைச் சிங்களத்தில் 'சுது ரெதி ஹொரா' என்பார்கள். அது இந்தியாவிலிருந்து குளிர் காலத்தில் வரும் ஆண் பறவை. நம் நாட்டிலேயே வாழும் அதன் இனத்து ஆண், செம்பழுப்பாகவே இருக்கும்.

வெள்ளை நிறம் ஒரு தொற்று நோயல்ல; கோழிக்கும் பிள்ளைக்கும் ஒட்டாது. ஆனால் அந்தப் பறவைக்கு அதுவே ஆபத்து. பச்சைத் தேயிலைக்கு மேலே பருந்தின் கண்ணில் முதலில் படுவது அதுதான். மெலனின் குறைந்த இறகு சீக்கிரம் தேய்ந்தும் போகும். இத்தனையையும் தாண்டி வந்ததை நம் பிள்ளைகளின் கவண் கல் வீழ்த்தலாமா?

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பெரும்பாலான காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கூண்டில் அடைக்காதீர்கள். எட்ட நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கண்ட நாளையும் இடத்தையும் கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு படிப்புத்தானே!