கம்பியில்லா மின்னேற்றம்: மின்திறன் மாற்றியே முதல் சவால்

புது தில்லி: மின்சாரப் பேருந்துகளுக்காக மத்திய அரசு பெருந்தொகையை ஒதுக்கி வருகிறது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற "பி.எம். இ-பஸ் சேவா" திட்டத்தின் மதிப்பீடு ரூ. 57,613 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு ரூ. 20,000 கோடி. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற "பி.எம். இ-டிரைவ்" திட்டம் 14,028 பேருந்துகளுக்கு ரூ. 4,391 கோடியையும், மின்னேற்ற நிலையங்களுக்கு ரூ. 2,000 கோடியையும் ஒதுக்கியது.

பேருந்துகளின் எண்ணிக்கை பேசப்படும் அளவுக்கு, அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் கருவியை வடிவமைப்பவர் யார் என்பது பேசப்படுவதில்லை. கம்பியில்லா மின்னேற்றம் பேருந்துகளுக்கு வரும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகும்.

ஆறு நிமிடத்தில் 15 கி.மீ.: பணிமனையில் மணிக்கணக்கில் நிற்கும் பேருந்தால் வருவாய் இல்லை. வழித்தடத்தின் முடிவில், தரைக்கடியில் பதித்த கம்பிச்சுருளின் மேல் பேருந்து ஆறு நிமிடம் நிற்கிறது என்று கொள்வோம். மின்னேற்றத் திறன் 200 கிலோவாட்டாக இருந்தால் அதற்குள் 20 யூனிட் மின்சாரம் ஏறிவிடும். ஏறத்தாழ 15 கி.மீ. ஓட அது போதும். பெரிய மின்கலத்தைச் சுமந்து திரியும் தேவையும் குறையும்.

தென்கொரியாவின் குமி நகரில் 2013-லேயே இம்முறையில் பேருந்துகள் இயக்கப்பட்டன. அங்கு 100 கிலோவாட் மின்திறன், 17 செ.மீ. இடைவெளியைக் கடந்து 85 சதவீதத் திறனுடன் பேருந்தை அடைந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2018-ல் 120 கிலோவாட்டை 97 சதவீதத் திறனுடன் செலுத்திக் காட்டியது. 2024-ல் ஒரு காருக்கு 270 கிலோவாட் வரை செலுத்தியது.

சூட்சுமம் எங்கே?: நமது மின்கட்டமைப்பில் வரும் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவது. இந்த வேகத்தில், சாலைக்கும் பேருந்துக்கும் இடையிலான இடைவெளியைக் கடந்து பெருமளவு மின்திறனை அனுப்ப மிகப் பெரிய கம்பிச்சுருள்கள் தேவைப்படும். எனவே "கன்வெர்ட்டர்" எனப்படும் மின்திறன் மாற்றி, அதை முதலில் நேர்மின்சாரமாக்கி, பின்னர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரமாக்குகிறது. கார்களுக்கான சர்வதேசத் தர நிர்ணயம் ஏறத்தாழ 85 கிலோஹெர்ட்ஸ். வாகனத்திலுள்ள மற்றொரு மாற்றி அதை மீண்டும் நேர்மின்சாரமாக்கி மின்கலத்துக்கு அளிக்கிறது.

திறன் கூடக் கூடச் சிக்கலும் கூடுகிறது. ஒவ்வொரு முறை மின்னோட்டத்தைத் திருப்பும்போதும் சிறிதளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. சுருளுடன் இணைந்து ஒத்ததிர்வை உண்டாக்கும் மின்தேக்கிகள் பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஓட்டுநர் சில அங்குலம் தள்ளி நிறுத்தினாலே சுருள்களின் காந்தப் பிணைப்பு மாறிவிடும். அதைக் கணப்பொழுதில் உணர்ந்து மாற்றி தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பயணிகள் நிற்குமிடத்தில் காந்தப்புலம் பாதுகாப்பு வரம்பைத் தாண்டவும் கூடாது.

இந்தியாவின் நிலை: திருவனந்தபுரம் சி-டாக் மையமும் நாகபுரி விஸ்வேஸ்வரய்யா தேசிய தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 1.5 கிலோவாட் கம்பியில்லா மின்னேற்றியை உருவாக்கியுள்ளன. 12.5 செ.மீ. இடைவெளியில் அதன் திறன் 89.4 சதவீதம் வரை. அதன் தொழில்நுட்பம் 2025-ல் தனியார் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. சிறு வாகனங்களுக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் 200 யூனிட் மின்கலமுள்ள பேருந்துக்கு இதைக் கொண்டு மின்னேற்ற ஐந்து நாள்களுக்கு மேலாகும்.

இதே வடிவமைப்பைப் பெரிதாக்கினால் போதாதா? இக்கருவியில் வீணாகும் மின்திறன் 200 வாட்டுக்கும் குறைவு. அதே விகிதம் 200 கிலோவாட்டில் 20 கிலோவாட்டைத் தாண்டும். இருபது இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் சூடேறுவதற்கு அது சமம். அந்த வெப்பத்தை வட இந்தியக் கோடையில் தணிக்க வேண்டும்; வீணாகும் மின்சாரத்துக்குப் போக்குவரத்துக் கழகம் கட்டணமும் செலுத்த வேண்டும்.

இழப்பைக் குறைக்க உதவுவது சிலிக்கான் கார்பைடு குறைகடத்தி. அதற்கான வணிகரீதியிலான ஆலையை ஒடிசா மாநிலம் புவனேசுவரத்தில் அமைக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. ஆயினும் சில்லு மட்டும் கிடைத்தால் மாற்றி உருவாகிவிடாது. சுருள், மின்தேக்கி, குளிர்விப்பு, கட்டுப்பாட்டு மென்பொருள் ஆகியவற்றை ஒருசேர வடிவமைக்கும் பொறியாளர்கள் தேவை. அவர்களைப் பயிற்றுவிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

என்ன செய்யலாம்?: மின்னேற்ற நிலையங்களுக்கான நிதியில் ஒரு சிறு பங்கை உயர்திறன் மாற்றிகளின் உள்நாட்டு வடிவமைப்புக்கு ஒதுக்கலாம். ஏதேனும் ஒரு நகரின் பேருந்து முனையத்தில் 50 கிலோவாட்டில் தொடங்கிப் படிப்படியாகச் சோதிக்கலாம். ஒப்பந்தப்புள்ளிகளில் சுருளின் திறனை மட்டும் கேட்காமல், மின்கட்டமைப்பிலிருந்து மின்கலம் வரையிலான மொத்தத் திறனை நிபந்தனையாக்கலாம்.

பேருந்துகளை வாங்கும் பணம் மக்களுடையது. இறக்குமதியான மின்னேற்றி பழுதடைந்தால், அதைச் சரிசெய்ய வெளிநாட்டுப் பொறியாளர் வரும்வரை பேருந்து பணிமனையிலேயே நிற்கும். மக்கள் நிறுத்தத்தில் காத்திருப்பார்கள். அந்த நிலை வருவதற்கு முன்பே, நிதி ஒதுக்கும்போது இதை முடிவு செய்வது நல்லது.