அரசிக்குச் சிதை, ஆனிக்குச் சேணம்

செஞ்சிக் கோட்டையிலும் மேல்சித்தாமூர் போன்ற சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தேசிங்கு கதை அறியாதார் யார்? 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்டான் அந்த இளைஞன். அவன் ஏறிய பாராசாரிக்குப் பாட்டிலே புகழுண்டு. அவன் மனைவிக்கு? சிதையுண்டு! ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக வந்தது என்பர். எரிந்தபின் ஊரே கிடைத்தது. இருந்தபோது ஏறிட ஒரு குதிரையில்லை!

அமெரிக்கச் சித்திரக்கதைகளோ பெண்ணைக் குதிரைமேல் ஏற்றின. டேல் எவன்ஸ் பெயரில் 1948 முதல் 1952 வரை 24 இதழ்கள். ஆனி ஓக்லி பெயரிலும் வந்தன. அட்டையிலே சேணமேறிய மங்கை. உள்ளே கொள்ளையர் ஓட்டம். செவ்விந்தியரிடம் பறித்த மண்ணைப் பற்றி அவை வாய்திறப்பது அரிது. விற்பவன் முதலாளியல்லவா!

ஆயினும் ஆனி கற்பனையல்ல, தோழர்களே! 1860-ல் ஓஹாயோவில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவள். தந்தை இறந்தார், வறுமை வாட்டியது. சிறுமி துப்பாக்கி எடுத்தாள். வேட்டையாடியதை விற்றாள். அந்தக் காசிலே தாயின் நிலக்கடனை அடைத்தாள்! 1885-ல் பஃபலோ பில்லின் காட்சிக் குழுவில் சேர்ந்ததும், உலகப் புகழ் பெற்றதும் அதற்குப் பிறகுதான். புத்தகக்காரர் துப்பாக்கியை வரைந்தனர்; கடன் பத்திரத்தை வரையவில்லை.

நமக்கும் வேலு நாச்சியார் உண்டு. 1780-ல் சிவகங்கையை மீட்டவர். நம் படிப்பகங்களில் நாளேட்டின் பக்கத்திலே அவர் படக்கதையும் கிடக்கட்டும். பெண் பிள்ளைகளும் வந்து படிக்கட்டும். வாசற்படியை அடைத்து அரசியல் பேசும் தோழர்கள் சற்றே நகர்ந்து வழிவிடுக!