ஒரே கோப்பு, இரண்டு இருப்பிடம்
(தொடர் – 14)

லினக்ஸின் மையமான கர்னலுக்கும் அதன்மேல் ஓடும் நிரல்களுக்கும் இடையே உள்ள எல்லையைச் சென்ற வாரம் பார்த்தோம். நிரல்கள் எல்லை தாண்டக் கூடாது. வேண்டியதை சிஸ்டம் கால் வழியாகக் கேட்டுத்தான் பெற வேண்டும். அப்படியிருக்க, கர்னலின் உள்வேலைக்கென எழுதிய வரிகளையே வெளியே இருக்கும் ஒரு நிரலும் எடுத்துப் பயன்படுத்துவது உண்டா? உண்டு. செங்கத்துப் பிள்ளைகள் சிலர் அதன் சுவடைத் திரையில் பார்த்தும் இருப்பார்கள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஜவ்வாது மலையடிவார அரசுப் பள்ளிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, சென்னை சி-டாக் உருவாக்கியது அது. 2012-இல் ஊரெங்கும் மின்வெட்டு. லினக்ஸ் ஓடும் டெஸ்க்டாப்போ, பேட்டரி தேய்ந்த மடிக்கணினியோ, கரண்ட் போனால் அப்படியே அணைந்துவிடும். மறுபடி போடும்போது ‘ரெக்கவரிங் ஜர்னல்’ என்று ஒரு வரி தோன்றி மறையும்.

ஜர்னல் என்பது என்ன? செங்கம் கடைத்தெருவில் மண்டிக்காரர் வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்துக்கொள்வார், பிறகு பேரேட்டில் ஏற்றுவார். எக்ஸ்ட்4 கோப்பு முறையும் தன் அமைப்பில் வரும் மாற்றங்களை முதலில் ஜர்னலில் எழுதி, இறுதியில் ‘கமிட்’ என்ற முத்திரையை இடுகிறது. அதன் பிறகே உரிய இடத்தில் எழுதும். நடுவில் கரண்ட் போனால் மீட்பு மூன்று சுற்றாக நடக்கும். முழுமையான பதிவுகள் எதுவரை உள்ளன என்று முதல் சுற்று தேடும். ரத்தானவற்றை இரண்டாம் சுற்று திரட்டும். மூன்றாவது, மிச்சத்தை உரிய இடத்தில் எழுதும். கமிட் இல்லாத பதிவு செல்லாது.

இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் இருவர். வட்டைத் தன்னோடு இணைக்கும் கர்னல் ஒருவர்; அதற்கு முன்பே வட்டைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே என்ற சாதாரண நிரல் மற்றவர். முழுமை என்று ஒருவர் எடுத்துக்கொள்ளும் பதிவை மற்றவர் தள்ளிவிட்டால் கோப்புகள் நாசமாகும். அதனால்தான் ரெக்கவரி.சி என்ற ஒரே கோப்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது. எக்ஸ்ட்4-க்கு முந்தைய எக்ஸ்ட்3-இன் ஜர்னலை உருவாக்கிய ஸ்டீபன் ட்வீடி எழுதியது. கர்னலுக்குள் கம்பைல் ஆகிறோமா, வெளியிலா என்று கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை பார்க்கும். வெளியில் என்றால், கர்னல் தரும் நினைவக, வட்டு வசதிகளுக்கு ஈடானவற்றை வேறொரு தலைப்புக் கோப்பு தரும். மீட்பின் தர்க்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் இப்படிப் பகிர முடியாது. 2020 டிசம்பரில் வந்த லினக்ஸ் 5.10-இல் எக்ஸ்ட்4-க்கு ‘ஃபாஸ்ட் கமிட்’ என்ற சுருக்கப் பதிவு முறை சேர்ந்தது. அதை மீட்கும் பகுதி, கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடுகளின் உள்ளமைப்போடு பின்னிக் கிடப்பதால், இ2எஃப்எஸ்சிகே-வுக்குத் தனியே எழுத வேண்டியிருந்தது. பதிவின் வடிவத்தைச் சொல்லும் தலைப்புக் கோப்பு மட்டும் பொது. இரண்டு பிரதிகளும் பைட் மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அதன் மேலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். காப்பது கருவியல்ல, மனிதக் கவனம். எக்ஸ்ட்4, இ2எஃப்எஸ்சிகே இரண்டையும் டெட் சோ பல்லாண்டாகப் பராமரித்து வருவது இங்கே பெரிய பலம்.

வேறு நிரலாளர்கள் கர்னல் வரிகளை எடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. சிஸ்டம் கால்களை உடைக்க மாட்டோம் என்பதே லினக்ஸ் தரும் வாக்கு. உட்பகுதி எந்த வெளியீட்டிலும் மாறலாம். உரிமமும் அதே எல்லையில் நிற்கிறது: சிஸ்டம் கால் வழியே கேட்கும் நிரலை கர்னலின் ஜிபிஎல் கட்டுப்படுத்தாது, உள்வரிகளை நகலெடுத்து வெளியிடும் நிரலைக் கட்டுப்படுத்தும். ஆகவே என் தீர்ப்பு இது: வட்டில் கிடக்கும் ஒரே தரவை இருவரும் ஒன்றுபோல் படித்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் பகிர்வது சரி. வசதிக்காகப் பகிர்வது பின்னால் வேலை வைக்கும்.

செங்கம் பக்கத்துக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கர்னலைக் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். ரெக்கவரி.சி ஆயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு மிகாத கோப்பு, யாரும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பிரதிகளையும் மாணவர்களிடம் கொடுத்து, எங்கே வேறுபடுகின்றன என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.