ஃபிஜியின் சோறும் குத்தகைப் பத்திரமும்

ஃபிஜித் தீவுகளில் கோதுமை விளைவதில்லை. ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் வேண்டிய மாவு அத்தனையும் கப்பலில் வரும் கோதுமையிலிருந்துதான். அரிசியிலும் பெரும்பங்கு வெளிநாட்டுச் சரக்கே. அரிசி எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1980-களில் வனுவா லெவு தீவில் நெல் வயல்கள் பரந்து கிடந்தன. நாட்டின் தேவையில் கணிசமான பங்கை அவை தாங்கின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து மலிவு அரிசி உள்ளே வந்ததும் உள்ளூர் நெல்லுக்கு விலை இல்லாமல் போயிற்று.

2020-ல் கொரோனாவால் சுற்றுலா முடங்கி ஹோட்டல் வேலைகள் பறிபோனபோது, வேளாண் அமைச்சகம் வீடுகளுக்குக் காய்கறி விதைகளை இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் கொல்லைத் தோட்டத்துக்கு விதைப் பொட்டலம் போதும். நாட்டுக்கே சோறு போட நிலம் வேண்டும், அந்த நிலம் அடுத்த வருஷமும் தன் கையில் இருக்கும் என்ற உறுதியும் வேண்டும்.

ஃபிஜி நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்க முடியாது. இந்தப் பாதுகாப்பைக் குறை சொல்வது நியாயமே அல்ல. பக்கத்துத் தீவு மக்கள் பலர் தங்கள் மண்ணை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளிடம் இழந்தபோது ஃபிஜியர்கள் இழக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் குத்தகை நிலத்தில்தான் பயிர் செய்கிறார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் இவர்களில் உண்டு. 1997 முதல் குத்தகைகள் வரிசையாக முடிவுக்கு வந்தன. குத்தகை புதுப்பிக்கப்படாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறின. தலைநகர் சுவாவைச் சுற்றியுள்ள புறம்போக்குக் குடியிருப்புகளில் அவர்கள் பலரைப் பார்க்கலாம். விளைவிக்கத் தெரிந்த கைகள் இப்படிச் சிதறியபின் இறக்குமதி எப்படிக் குறையும்?

சட்டம் குத்தகைதாரரைக் கைவிட்டுவிடவில்லை. 1966-ல் வந்து 1976-ல் திருத்தப்பட்ட வேளாண் குத்தகைச் சட்டப்படி, குத்தகைக் காலம் குறைந்தது 30 ஆண்டு. ஆண்டு வாடகை, மேம்படுத்தாத நிலமதிப்பில் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காலம் முடிந்து வெளியேறும்போது, குத்தகைதாரர் செய்த மேம்பாடுகளுக்கு இழப்பீடு கேட்கலாம். தகராறு என்றால் வேளாண் தீர்ப்பாயம் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்து இருப்பது வாய்ப்பேச்சு ஏற்பாட்டில். குலத் தலைவரைப் பார்த்து, மரியாதைக்குக் கவா பானம் வைத்து, பணமும் கொடுத்து நிலத்தில் இறங்கிவிடுவார்கள். இதை ‘வக்கவனுவா’ என்பார்கள். பல இடங்களில் அது இரு தரப்பின் நாணயத்தால் பல ஆண்டு நிலைத்திருக்கிறது. அந்த நட்பை நான் மதிக்கிறேன். ஆனால் பூர்வகுடி நிலங்களை நிர்வகிக்கும் நில அறக்கட்டளை வாரியத்தின் சம்மதம் இல்லாத ஏற்பாடு சட்டத்தின் முன் நிற்காது. தலைவர் மாறினால் பேச்சும் மாறலாம். பத்திரம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது. இந்த நிலையில் மாவோ பலாவோ நட்டு ஐந்தாறு வருஷம் யார் காத்திருப்பார்கள்? மூன்று மாதத்தில் காசாகும் பயிரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆகவே நிலத்தில் இறங்குமுன் வாரியத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். கட்டிய வாடகைக்கு ரசீது வேண்டும். கிணறு, வாய்க்கால், வேலி எதைச் செய்தாலும் முதலில் நிலச் சொந்தக்காரரின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, செலவுக் கணக்கைப் பத்திரப்படுத்த வேண்டும். இழப்பீடு கேட்கும் நாளில் அவைதான் சாட்சி. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் அரசின் சட்ட உதவி ஆணையத்தை நாடலாம். குத்தகை முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கும்போதே குலத்தாரோடும் வாரியத்தோடும் புதுப்பிப்புப் பேச்சைத் தொடங்குவது நல்லது. கடைசி மாதத்தில் போய் நின்றால், விளைந்த பயிரை அறுக்க மட்டுமே அவகாசம் கேட்க முடியும்.