உக்ரைனில் ரஷியா, கைமாறும் காகசஸ்: ஆர்மீனியா அணி மாறுவது ஏன்?

உக்ரைன் மீது ரஷியா 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கிய போரின் விளைவுகள் அந்த இரு நாடுகளுடன் நின்றுவிடவில்லை. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட தெற்கு காகசஸ் பகுதியில், சுமார் 30 ஆண்டுகள் ரஷியாவையே அரணாக நம்பியிருந்த ஆர்மீனியா இப்போது மேற்கு நாடுகளை நோக்கித் திரும்பியுள்ளது.

பிரச்னையின் வேர்

சோவியத் ஆட்சிக் காலத்தில் அஜர்பைஜானுடன் சேர்க்கப்பட்ட நகோர்னோ-கராபாக் பகுதியில் ஆர்மீனியர்களே பெரும்பான்மையினராக இருந்தனர். சோவியத் யூனியன் சிதைந்த காலத்தில் மூண்ட போரில் ஆர்மீனியத் தரப்பு வென்றது. 1994-இல் சண்டை நிறுத்தம் ஏற்பட்டது. 2020-இல் 44 நாள்கள் நீடித்த போரில், துருக்கி, இஸ்ரேல் தயாரிப்பு ட்ரோன்களின் துணையுடன் அஜர்பைஜான் பெரும்பகுதி நிலத்தை மீட்டது. ரஷியா சமரசம் செய்து, சுமார் 2,000 அமைதிப் படையினரை அங்கு நிறுத்தியது.

பயனற்றுப்போன பாதுகாப்பு

2022 செப்டம்பரில் அஜர்பைஜான் ஆர்மீனிய எல்லைக்குள்ளேயே தாக்குதல் நடத்தியது. ரஷியா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் உதவியை ஆர்மீனியா கோரியும் படை வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், கராபாக்கை ஆர்மீனியாவுடன் இணைக்கும் லாச்சின் சாலை அடைபட்டது. அங்கிருந்த மக்கள் உணவு, மருந்து, எரிபொருள் தட்டுப்பாட்டில் தவித்தனர். ரஷியப் படையினர் அருகில் இருந்தும் சாலை திறக்கப்படவில்லை.

2023 செப்டம்பர் 19-ஆம் தேதி அஜர்பைஜான் தொடுத்த தாக்குதல் 24 மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த சில நாள்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள், அதாவது ஏறத்தாழ அனைவரும், வீடுகளைவிட்டு வெளியேறினர்.

ரஷியாவின் படைபலம் உக்ரைனில் சிக்கியிருந்தது. பொருளாதாரத் தடைகளால் துருக்கி, அஜர்பைஜான் வழியிலான வர்த்தகமும் அந்நாட்டுக்கு இன்றியமையாததாகிவிட்டது.

வாஷிங்டன் உடன்பாடு

2024 பிப்ரவரியில், கூட்டுப் பாதுகாப்பு அமைப்பில் பங்கேற்பதை நிறுத்திவைத்துள்ளதாக ஆர்மீனிய பிரதமர் நிகோல் பஷின்யான் அறிவித்தார். அதே ஆண்டு ஜூனுக்குள் ரஷிய அமைதிப் படை வெளியேறியது. 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெள்ளை மாளிகையில், அதிபர் டிரம்ப் முன்னிலையில் பஷின்யானும் அஜர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியேவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். அஜர்பைஜானை அதன் நக்சிவான் பகுதியுடன் இணைக்க, ஆர்மீனியாவின் தென்பகுதி வழியாக அமெரிக்கப் பங்கேற்புடன் பாதை அமைக்கவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆர்மீனியாவை ஒட்டிய ஈரான் எல்லைக்கு அருகில் இப்பாதை அமைவதால், அந்நாடு கவலை தெரிவித்துள்ளது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

அஜர்பைஜானுக்குத் துருக்கியும் பாகிஸ்தானும் ஆதரவளிக்கின்றன. ஆர்மீனியாவோ இந்தியாவிடமிருந்து பினாகா ராக்கெட் ஏவு அமைப்புகளை வாங்கியுள்ளது. இந்தியா, ஈரான், ரஷியா இணைந்து திட்டமிட்ட வடக்கு-தெற்கு போக்குவரத்து வழித்தடத்தின் ஒரு கிளையும் காகசஸ் வழியாகவே செல்கிறது.

ரஷியாவின் செல்வாக்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை. கியும்ரி நகரில் அதன் ராணுவத் தளம் தொடர்கிறது. ஆர்மீனியாவின் எரிவாயுத் தேவையில் பெரும்பகுதியை ரஷியாவே நிறைவு செய்கிறது. ஆனால், காவல் நிற்பதாகக் கூறிய வல்லரசு வேறொரு போரில் மூழ்கியபோது ஏற்பட்ட இழப்பு கராபாக் மக்களுடையது. புதிய பாதை குறித்துப் பேச்சு நடக்கிறது. அவர்கள் ஊர் திரும்பும் பாதை இன்னும் திறக்கவில்லை.